நுரைக்கு விலங்கு! நஞ்சுக்கு விடுதலை!

கசிப்பை ஒழிப்பதற்குப் புதியதொரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம்! கடைகளில் ஈஸ்ட் விற்பதைத் தடுக்க வேண்டும். மூட்டைக் கணக்கிற் சீனி வாங்குவோரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பீப்பாயோடு பிடிபட்டவனைப் பிணையின்றி அடைத்துவைக்க வேண்டும். மேடைக்கு மேடை முழங்கப்படும் யோசனைகள் இவை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனின் கதையை நாம் சிறு வயதிற் கேட்டிருக்கிறோம். அந்த வீட்டுக்காரனே இன்று சட்டம் இயற்றப் புறப்பட்டுவிட்டான் போலும்!

குறிஞ்சாக்கேணியிலிருந்து இதனை எழுதுகிறோம். கிண்ணியாக் களப்பைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களிற் பெரும்பாலானவை மார்க்கத்தின் பேரால் மதுவை முற்றாக விலக்கியவை. அவர்களுக்கும் ஈஸ்ட்டுக்கும் உள்ள உறவு பாணோடும் ஆப்பத்தோடும் முடிந்துவிடுகிறது. அவ்வாறாயின் கசிப்பு வழக்கில் குறிஞ்சாக்கேணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஈஸ்ட்டுக்குத் தடை வந்தால் முதலில் அணையப்போவது இந்த ஊர்களின் வெதுப்பக அடுப்புகளே. கசிப்புப் பீப்பாயிற் கொட்டப்படும் யூரியா, வேளாண்மைக்காரர் வயலுக்கென்று வாங்கும் அதே யூரியா. விதைப்புக்கும் வெட்டுக்கும் நம் வயல்களில் இறங்கும் தொழிலாளி மாலையில் எதைக் குடித்து மடிகிறான் என்பது, குடியாத மனிதனின் மனச்சாட்சியையும் உறுத்தவேண்டிய கேள்வி. தமிழ் பேசும் மக்கள் எச்சமயத்தவராயினும் இக்கேள்விக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

கசிப்புக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது குடும்பங்களைக் கெடுக்கிறது. பெண்களின் கண்ணீரையும் பிள்ளைகளின் பசியையும் வளர்க்கிறது. ஆனால் குற்றம் எது, குற்றவாளி யார் என்பதைச் சான்றோடு விசாரிக்காமல் தீர்ப்பெழுதும் பழக்கத்தை எதிர்க்க வேண்டியவர்களாயிருக்கிறோம். ஆகவே எதிரிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

முதலாம் எதிரி: ஈஸ்ட்

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், சாராய நொதிப்பு இவ்வுயிரின் செயலே என்பதை 1857க்கும் 1860க்கும் இடையில் நிலைநாட்டினார். ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாற்றுக்கும் அந்த ஆற்றல் உண்டென்பதை 1897 இல் காட்டிய ஜெர்மானியர் எடுவார்ட் புக்னர், 1907 இல் நோபல் பரிசு பெற்றார். சீனியை உண்டு, சாராயத்தையும் கரிக் காற்றையும் வெளிவிடுவதே ஈஸ்ட்டின் தொழில். அக்காற்று மாவைப் பொங்கச் செய்தால் பாண். நீரில் நுரைத்தால் கோடா. பாணுக்குரிய ஈஸ்ட்டும் வடிசாலைக்குரிய ஈஸ்ட்டும் சக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஒரே இனத்தின் பிள்ளைகள். ஒன்று மாவை விரைவாக உப்பச் செய்வதற்கெனத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது; மற்றது கூடிய சாராயத்தைத் தாங்கி நிற்பதற்கென வளர்க்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

அப்படியாயின் களப்போரப் பற்றைக்குள் புதைத்த பீப்பாயிற் கோடா ஏன் பழுதாகிறது? விஞ்ஞானம் விடை சொல்லும்.

ஒன்று, வெறும் சீனியில் ஈஸ்ட்டுக்கு உணவில்லை. இனிப்பு உண்டு, உடல் வளர்க்கும் நைதரசன் இல்லை, பொசுபரசு இல்லை, உயிர்ச்சத்து இல்லை. சோறின்றிச் சர்க்கரையை மட்டும் தின்னக் கொடுத்து வேலை வாங்கினால் எந்தத் தொழிலாளி நிலைப்பான்? இரண்டு, வெப்பம். 30 பாகை செல்சியஸ் அளவில் உற்சாகமாக உழைக்கும் ஈஸ்ட், 35ஐத் தாண்டினால் தளர்கிறது. 40ஐத் தாண்டினால் கைவிடுகிறது. நொதிப்பு தானும் சூடு பிறப்பிப்பது. கச்சான் காலத்து வெயிலில் பெரிய பீப்பாய்க்குள் என்ன நிகழும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மூன்று, புளிப்பு. சீனி நீருக்குப் புளிப்பைத் தாங்கும் வலு இல்லை. ஈஸ்ட் உழைக்க உழைக்க நீர் கடுமையாகப் புளித்து, அந்தப் புளிப்பே ஈஸ்ட்டை முடக்குகிறது. சிப்பி ஓட்டுத் தூளுக்கு அதை ஆற்றும் குணம் உண்டு. நான்கு, பேராசை. கூடிய சாராயம் வேண்டிச் சீனியை அளவுமீறிக் கொட்டினால், தேனிற் கிருமி வளராதது போல ஈஸ்ட் செயலிழந்து கிடக்கும். பாண் ஈஸ்ட் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சாராயம் சேர்ந்ததும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஐந்து, காற்றுப் பட்டால் வேறு கிருமிகள் புகுந்து சாராயத்தை வினாகிரியாக மாற்றும்.

ஐரோப்பாவில் இவற்றையெல்லாம் மாணவன் பாடப் புத்தகத்திற் படிக்கிறான்; வைன் செய்பவன் வெப்பமானியும் புளிப்புமானியும் வைத்துப் பார்க்கிறான். நம் நாட்டிலோ பற்றைக்குள் பதுங்கியிருப்பவன் பொலிசுக்கு ஒரு காதையும் பீப்பாய்க்கு ஒரு காதையும் கொடுத்துக்கொண்டு இருட்டில் தடவுகிறான். நுரை நின்றுவிட்டதா? அள்ளிப் போடு யூரியாவை! யூரியாவிலுள்ள நைதரசனை உண்டு ஈஸ்ட் மீண்டும் நுரைக்கவும் செய்கிறது. அதனாற்றான் இந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவி நிற்கிறது.

ஆனால் அந்த யூரியா சாராயத்தோடு கூடிச் சூடேறும்போது ஈதைல் காபமேற்று என்னும் பொருள் பிறக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வலுவாக ஐயுறும் வரிசையில் அதனைச் சேர்த்திருக்கிறது. மதுவகைகளில் அப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கனடா 1985 இலேயே எல்லை வகுத்தது. கசிப்புப் போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று நம் நாட்டில் அளந்து மக்களுக்குச் சொல்வோர் யார்?

கூண்டில் நிற்கும் முதலாம் எதிரி சுற்றவாளி! அவன் கொடுத்த வேலையைச் செய்தான். பட்டினி போட்டவனும் நஞ்சூட்டியவனும் வெளியில் நிற்கிறார்கள்.

இரண்டாம் எதிரி: கோடா

கோடா பழுதானாற் கண் குருடாகும், உயிர் போகும் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. இது தவறு; ஆபத்தான தவறு. கண்ணைப் பறிப்பது மெதனோல். பழங்களிலுள்ள பெக்டின் சிதையும்போது அது சிறிதளவு பிறக்கும். சீனி நீரில் பெக்டின் இல்லாமையால் மெதனோலும் ஏறத்தாழ இல்லை. உயிர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொள்ளையிடும் மெதனோல், தொழிற்சாலைப் பீப்பாயிலிருந்து வந்து கலக்கப்படுவது.

பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததைப் பாருங்கள். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்தும் கொன்றது மெதனோல். பானையில் நுரைத்த ஈஸ்ட் ஓர் உயிரையும் பறிக்கவில்லை. நொதிக்கவைக்கும் பொறுமையும் வேண்டாம், விறகுச் செலவும் வேண்டாம் என்று ஆலைத் திரவத்தைத் தண்ணீரோடு கலந்து விற்ற வணிகப் பேராசையே பறித்தது. ஈஸ்ட்டையும் சீனியையும் பூட்டிவைப்போர் இந்தக் குறுக்குவழியின் கதவை அகலத் திறந்துவிடுகிறார்கள். நுரைக்கு விலங்கிட்டு நஞ்சுக்கு விடுதலை கொடுப்பது இதுவன்றி வேறென்ன?

மூன்றாம் எதிரி: சீனி

சீனியைப் பதிவேட்டில் எழுதச் சொல்பவர்களிடம் ஒரு பழைய பதிவேட்டை நாம் விரித்துக் காட்டுகிறோம். இந்நாடு உண்ணும் சீனியிற் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. நம் திருகோணமலை மாவட்டத்திலேயே கந்தளாயில் ஒரு சீனித் தொழிற்சாலை இருந்தது. கரும்புச் செய்கையும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. மீளத் திறப்போம் என்ற வாக்குறுதிகள் வந்தன, போயின. இயந்திரங்கள் துருவேறின.

2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி, ஒரே இரவில் 25 சதமாக்கப்பட்டது. திறைசேரி பெருந்தொகையை இழந்தது. கடையில் ஏழை வாங்கிய சீனியின் விலையோ அதற்கேற்ப இறங்கவில்லை. 2023 நவம்பரில் வரி மீண்டும் 50 ரூபாவானது. கப்பற் கணக்கில் இத்தனை விளையாட்டு நடந்தபோது உறங்கிய பதிவேடு, பெட்டிக்கடையில் ஐந்து கிலோச் சீனி வாங்கும் பலகாரக்காரியைக் கண்டதும் விழித்துக்கொள்வதேன்?

கூண்டில் ஏறாத எதிரி

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் பெயரையே ஊன்றிப் பாருங்கள். அதன் தலையில் வரி நிற்கிறது. அந்நிய ஆட்சி தன் வருமானத்தைக் காக்க வகுத்த சட்டம் அது. இடையிலே எத்தனையோ திருத்தங்கள் வந்தும், "உரிமம் உண்டா?" என்பதே அதன் தலைக் கேள்வியாக நிற்கிறது. "உள்ளே என்ன இருக்கிறது? குடித்தவன் பிழைப்பானா?" என்பது அதன் கவலையன்று.

நீதவான் மன்றங்களில் நாம் ஆண்டுக்கணக்காகக் காணும் காட்சி ஒன்றே. கைலியோடு ஒருவன் கூண்டேறுகிறான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், தண்டப்பணம் கட்டுகிறான், போகிறான். அந்தப் பணம் அவன் மடியிலிருந்து வந்ததன்று. பீப்பாய்க்கு முதல் போட்டவன் மன்றின் வாசலுக்குக்கூட வருவதில்லை. கோடாவைக் கொட்டி நிழற்படம் எடுக்கிறார்கள். அடுத்த கிழமை அதே பற்றைக்குள் வேறொரு பீப்பாய் நுரைக்கிறது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அடுத்தடுத்து மதுவரியை ஏற்றிய அரசு, உரிமம் பெற்ற போத்தலைக் கூலியாளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தது. அவன் மதுவை விட்டுவிட்டானா? மலிந்ததை நாடிப் போனான்!

கடதாசி முந்தி, உயிர் பிந்தி என்னும் இந்த ஆட்சி முறையைக் குறிஞ்சாக்கேணி நன்கறியும். 2021 நவம்பர் 23 இல், பாலம் கட்டி முடியாத துறையில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளி செல்லும் பிள்ளைகள் உட்பட உயிர்கள் பறிபோயின. அதன் பின்னரே அனுமதி கொடுத்தவர் யார், பாதுகாப்புப் பார்த்தவர் யார் என்ற கேள்விகள் பிறந்தன. போத்தலின் கதையும் அதுவாகவேண்டுமா?

நமது பனை என்ன பாவம் செய்தது?

சீனி நீருக்கு இல்லாத உணவெல்லாம் பனஞ்சாற்றில் இயற்கையாகவே உண்டு. யூரியா வேண்டாம், வாங்கிய ஈஸ்ட்டும் வேண்டாம். காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு நின்று, அதே சாறு பதநீராகும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். கள்ளைப் புளிக்கவிட்டால் வினாகிரி. குடிப்பவனுக்கும் குடியாதவனுக்கும் ஒரே மரத்தில் வழி வைத்த அறிவு நம் முன்னோருடையது. பாஸ்டர் பிறக்குமுன்னரே நம் சீவல் தொழிலாளி சுண்ணாம்பால் நொதிப்பை ஆண்டான்!

1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியில் கூட்டுறவின் பேரால் திக்கம் வடிசாலை எழுந்தது. மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பனைகளுக்கு அந்தச் சபையால் விளைந்த பயன் எவ்வளவு? கோவாவின் முந்திரிப்பழ ஃபெனி, சீனி சேராமல் இயற்கை நொதிப்பில் பிறப்பது. 2009 இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அங்கே மரபாகப் போற்றப்படுவது இங்கே வழக்காகப் பதியப்படுகிறது.

எதிர்வாதத்துக்கு விடை

நொதிப்பின் விஞ்ஞானத்தைச் சொல்லிக் கொடுத்தால் ஊரே வடிக்கத் தொடங்கும் என்பர். நியூசிலாந்து 1996 முதல் சொந்தத் தேவைக்கு வீட்டில் வடிப்பதையே அனுமதித்திருக்கிறது. அந்நாடு குடியில் மூழ்கிவிடவில்லை. அந்த அளவுக்குப் போகும்படி நாம் கேட்கவுமில்லை. எங்கள் மார்க்கம் இதனை ஏற்காது என்பர். அந்த உரிமை மலைபோல் நிற்கட்டும்! ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை பிரித்தானியர் காலத்திலேயே இந்நாட்டில் இருந்தது. வேண்டாம் என்னும் ஊருக்கு அவ்வுரிமையை முழுமையாகக் கொடுங்கள். அவ்வூர்ப் பனைகளிற் பனங்கட்டியும் வினாகிரியும் பெருகட்டும்.

ஆகவே நாம் கேட்பன நான்கு. கைப்பற்றப்படும் கசிப்பை அரச பகுப்பாய்வாளர் மெதனோலுக்கும் ஈயத்துக்கும் ஈதைல் காபமேற்றுக்கும் சோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊரறிய வெளியிட வேண்டும். நொதிப்பின் பாடமும் யூரியாவின் ஆபத்தும் பாடசாலையிலும் கமநல நிலையத்திலும் சொல்லப்பட வேண்டும். கூலிக்குக் காவல் நிற்பவனை விட்டு, முதல் போட்டவனையும் மெதனோல் கலந்தவனையும் பிடிக்கத்தக்கதாகச் சட்டம் திருத்தப்பட வேண்டும். பனைத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குச் சோதனைக்குட்பட்ட சிறு வடிசாலைகளையும் வினாகிரி ஆலைகளையும் நடத்தும் உரிமை, வேண்டும் என்னும் ஊர்களில் வழங்கப்பட வேண்டும்.

சட்டத்தரணிகளே, மருத்துவர்களே, ஆசிரியர்களே! உங்களிடம் அறிவு இருக்கிறது. அதனை மன்றிலும் மருத்துவமனையிலும் பூட்டிவையாதீர்கள். வேளாண்மைப் பெருமக்களே! உங்கள் உரமூட்டை வயலைத் தவிர வேறெங்கும் போகாதபடி காவுங்கள். ஈஸ்ட்டுக்குத் தடை கேட்டு வாக்குத் தேடி வருவோரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஐயா, கசிப்புப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாளாவது சோதித்துப் பார்த்தீர்களா?" விடை சொல்லட்டும், பின்னர் வாக்குக் கேட்கட்டும்!