அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பும் அறிவாளிகளுக்கு

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எக்செல்லில் கணக்கைப் போட்டு, அதைத் திரையோடு படம் பிடித்து, ஆய்வுக் கட்டுரையிலோ தமிழ்ச்சங்க ஆண்டறிக்கையிலோ ஒட்டி அனுப்புகிறார்களே நம்மாட்கள், அது வெறும் சோம்பேறித்தனம் இல்லை. தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. அதோடு, தன் எண்களைத் தானே கெடுத்துக்கொள்வது.

அடுத்தவர் என்றால் யார்? பல நேரங்களில் அவர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். சென்னையிலும் புதுச்சேரியிலும்கூட இருக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாம் பெருமையோடு எழுதும் கட்டுரைகளைப் பக்கமாகக் கோர்ப்பவர்களில் கணிசமானவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். நீங்கள் அனுப்பிய மங்கலான படத்தைப் பெரிதாக்கி, அது 3-ஆ 8-ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு கட்டமாக மறுபடி தட்டச்சு செய்கிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

"அதற்குத்தானே சம்பளம்" என்பீர்கள். இல்லை சார். பக்கத்தை அழகாக அமைக்கத்தான் அவருக்குச் சம்பளம். உங்கள் கணினியில் சுத்தமாக இருக்கும் எண்ணைப் படத்திலிருந்து மீட்டெடுக்க அல்ல. இருநூறு கட்டங்களைத் திரும்ப அடிக்கும்போது இரண்டு தப்பு விழுந்தால், அச்சில் நிற்கப்போவது உங்கள் பெயர், அவர் பெயரில்லை.

அந்த ஊரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1977-ல் டொனால்ட் குனூத் தன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்த்து மனம் நொந்து எழுத ஆரம்பித்ததுதான் டெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரல். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இந்தியாவில் அதைப் பரப்ப இந்திய டெக் பயனர் குழு 1998-ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். உலக டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002 செப்டம்பரில் அங்கேதான் நடந்தது. 2003-ல் அந்தக் குழு ஒரு லேடெக் பாடநூலை வெளியிட்டு இலவசமாகவும் கொடுத்தது. அதில் வரிசை, நெடுவரிசை சமாச்சாரத்துக்கென்றே தனிப் பாடம் உண்டு. சி.வி. ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அங்கிருந்துதான் உழைத்தார்கள். எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் பயன்படுத்தும் எல்ஸ்ஆர்ட்டிகிள் வார்ப்புருவில் அவருடைய கைவண்ணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் இங்கே பல்கலைக்கழகத்தில் தரவிறக்கிக்கொள்வது அதைத்தான். ஆனால் நம் வீட்டுப் பேச்சில் அந்த வேலைக்குப் பெயர் என்ன? "சும்மா டிடிபி வேலை." ஏளனத்தைக் கவனித்தீர்களா?

சரி, எண் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம்.

எக்செல் கட்டத்தில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. உள்ளே 0.4, 0.4, கூட்டல் 0.8. தசமத்தை மறைத்தால் திரையில் 0, 0, 1. அதை அப்படியே ஒட்டினால் படிக்கிறவன் சிரிப்பான். சங்கத்துப் பொதுக்குழுவில் என்றால் பொருளாளரைத் திருடன் என்பான் :-)

லேடெக்கில் நேரடியாக ஒட்டினால் வேறு கூத்து. அங்கே & என்பது அடுத்த நெடுவரிசைக்குப் போ என்ற கட்டளை. % வந்தால் அந்த வரியில் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் குறிப்பு, கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும். ஆக 12% என்று ஒட்டினீர்களோ, அந்த வரியின் மிச்சக் கட்டங்கள் காணாமல் போகும். முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் தீர்ந்தது. அதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும்.

புலம்பெயர்ந்த நமக்கென்று தனியாக ஒரு வம்பு உண்டு. ஊரில் 12,34,567 என்று எழுதுவோம். காற்புள்ளியை வைத்தே கட்டத்தைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் இதைக் கவனமில்லாமல் போட்டால் ஒரே எண் மூன்று கட்டமாகப் பிளக்கும். நான் இருக்கும் ஜெர்மனியிலோ காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 1.234 என்றால் இங்கே ஆயிரத்து இருநூற்று முப்பத்துநான்கு, சென்னையில் ஒன்றேகால்கூட இல்லை. படமாக ஒட்டினால், எந்த நாட்டு வழக்கில் எழுதியது என்று கேட்கக்கூட வழியில்லை.

இதெல்லாம் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரத்தைத் தினசரிக் கணக்கில் தவறவிட்டது. காரணம், 65,536 வரிக்கு மேல் தாங்காத பழைய எக்செல் கோப்பு வடிவத்துக்குத் தரவை மாற்றியது. அதே ஆண்டில் மரபணுப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது, எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால்!

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை. 2010-ல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் தேசிய வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக -0.1 சதவீதத்துக்கு விழுகிறது என்று எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைக்கு வக்காலத்து வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களின் எக்செல் கோப்பையே கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி வாய்பாட்டில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதையும், வேறு சில தேர்வுகளையும் எடைபோட்ட முறையையும் சரிசெய்தபோது -0.1 என்பது 2.2 ஆனது. அந்த மாணவர் கையில் வெறும் படம் மட்டும் இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள். எண்ணிலிருந்து அதன் மூலத்துக்குப் போகும் பாதை திறந்திருந்ததால்தான் தப்பு வெளிவந்தது. படமாக ஒட்டுவது அந்தப் பாதையை அடைப்பது.

"லேடெக் கஷ்டம், நேரமில்லை" என்ற பல்லவி வரும். நேரமில்லாதவனுக்குத்தான் இது தேவை. எக்செல்2லேடெக் என்ற சிறு நிரல், தேர்ந்தெடுத்த கட்டங்களை லேடெக் அட்டவணையாக எழுதித் தருகிறது, இலவசம். இன்னும் நல்லது, சிஎஸ்வியாகச் சேமித்து பிஜிஎஃப்பிளாட்ஸ்டேபிள் மூலம் ஆவணத்துக்குள் நேரே படிக்க வைப்பது. எண் மாறினால் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். தசமப் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்த எஸ்ஐயுனிட்எக்ஸ் இருக்கிறது. புக்டேப்ஸ் பொதியின் கையேடு நெட்டுக்கோடே போடாதே என்கிறது. எக்செல்லின் கம்பிவலைக் கட்டங்கள் வேலை செய்கிறவனுக்கு உதவும், படிக்கிறவனுக்குச் சிறைக்கம்பி.

வரைபடமும் அப்படித்தான். பிஜிஎஃப்பிளாட்ஸில் தரவிலிருந்தே வரையலாம். முடியாதா, பிடிஎஃப் ஆகச் சேமித்துச் சேருங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. முப்பரிமாண வட்ட வரைபடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன்னால் சாய்ந்த துண்டு எப்போதும் பெரிதாகவே தெரியும், அது பொய்.

லேடெக்தான் வேதம் என்று நான் சொல்லவில்லை. வேர்டிலேயே எழுதுங்கள், அட்டவணையை அட்டவணையாகப் போடுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். யூனிகோடு வருமுன் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துவிட்டு நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? இன்று ஸீடெக்கும் லுவாடெக்கும் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோர்க்கின்றன. அப்படியிருந்தும் படமாக ஒட்டினால் அதற்குள் எதையும் தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெள்ளைத்தாள். சங்கத்தின் முதல் பத்தாண்டுக் கணக்கை நம் பேரப்பிள்ளை ஆராய நினைத்தால் கையில் கிடைப்பது கலங்கிய புகைப்படங்கள்தான்.

ஆகவே மக்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் யார் ஆய்வேடு எழுதினாலும், யார் சங்கத்துக் கணக்கு எழுதினாலும் ஒன்றைக் கேளுங்கள்: "மூலக் கோப்பு எங்கே?" படம்தான் இருக்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள். திருவனந்தபுரத்தில் ஒருவர் இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போவார்.