புண்ணுக்கும் கணக்கு வேண்டும்



யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலிருப்பவர்களுக்கு இன்றும் பெரிய தொல்லை படுக்கைப்புண்தான். நாளாந்தம் மருந்து கட்ட வேண்டும். கோஸ், பண்டேஜ், சேலைன், கையுறை என்று பாமசியில் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் உழைப்பிலிருந்தே போகிறது. காசு முட்டுப்பட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுகிறோம். புண் அதைப் பொறுக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2009இல் ஷெல் காயம்பட்ட கணவரும் அவருடைய குழுக் காப்புறுதியில் அடங்குகிறார். வைத்தியசாலையில் தங்காமல் செய்யும் மருந்துச் செலவுக்கும் அதில் ஒரு தொகை உண்டு. ஆனால் அவர் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் திரும்பி வந்தன. தேவை உறுதிப்படுத்தப்படவில்லையாம். டொக்டரின் துண்டில் "மருந்து கட்டவும்" என்று மட்டுமே இருந்தது. புண்ணைக் கண்ணால் காணாத ஒருவருக்கு அதில் என்ன விளங்கும்?

இருவரும் கிளினிக்கிற்குப் போய் விபரமான கடிதம் கேட்டோம். நீங்களும் கேட்க வேண்டியவை இவை:

1. என்ன நோய், புண் உடம்பில் எங்கே இருக்கிறது.
2. அதன் நீளம், அகலம், ஆழம் சென்ரிமீற்றரில். 1 முதல் 4 வரை எந்த நிலை.
3. நாளுக்கு எத்தனை தடவை கட்ட வேண்டும். எந்தப் பொருள் மாதத்துக்கு எவ்வளவு.
4. எத்தனை மாதத்துக்குத் தேவை. ஏன் வீட்டிலேயே கட்ட வேண்டும்.
5. கையொப்பம், பதவி முத்திரை, திகதி.

இந்தக் கடிதத்துடன் கிளினிக் கொப்பியின் பிரதியையும், பொருட்களின் பெயர் தனித்தனியாக எழுதிய பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து அனுப்பினோம். கோஸுக்கும் சேலைனுக்கும் அனுமதி கிடைத்தது. கையுறைக்குக் கிடைக்கவில்லை. அதற்காக மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். முதலில் கம்பனிக்கே முறைப்பாடு செய்யுங்கள். தீராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இது பிச்சையல்ல. உங்கள் வேலைக்காகக் கிடைத்த உரிமை.

காப்புறுதி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கட்டுவது இலவசம். வீட்டில் கட்டுவதற்கும் பொருள் தர முடியுமா என்று கிளினிக் தாதியிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், கறுத்த தசை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.