பள்ளம் ஒருவருடையது, செலவு மற்றவருடையதா?

சாலைக் குழிகளால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைவோருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு வழங்க 2025 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தொகையைத் தவறிழைத்த ஒப்பந்ததாரரிடமும் அதிகாரியிடமும் வசூலிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி, வரவேற்கத்தக்கது.

ஆயினும், ஆள் தப்பி வண்டி மட்டும் அடிபடும்போது செலவு முழுவதும் ஓட்டுநரின் தலையில்தான் விழுகிறது. குழியின் விளிம்பில் மோதினால் ரிம் வளைகிறது. டயரின் பக்கவாட்டில் புடைப்பு எழுகிறது. ஷாக் அப்சார்பர் கசிகிறது. அலைன்மென்ட் குலைந்ததை அறியாது ஓட்டினாலோ, புது டயரும் ஒருபக்கமாகத் தேய்கிறது. முழுக் காப்பீடு எடுத்தவருக்கும், தனியே கூடுதல் பிரீமியம் கட்டாதவரை, டயர் மட்டும் சேதமுற்றால் ஒன்றுமில்லை. வண்டியும் சேர்ந்து சேதமுற்றால் டயருக்குப் பாதி விலையே. கடனில் வாங்கிய காரை வாடகைக்கு ஓட்டும் தொழிலாளிக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வருமானம் நிற்கிறது, தவணை நிற்பதில்லை. சாலை வரி செலுத்தியவரும் அவரே.

பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடியுமுன் பெயர்ந்துபோகும் சாலைகளில், ஒப்பந்ததாரரின் பிணைத்தொகையிலிருந்தே வாகனச் சேதத்துக்கும் ஈடு வழங்கப்பட வேண்டும். பட்டறை ரசீதுகளையும் குழிகளின் படங்களையும் திரட்டி, ஓட்டுநர் சங்கங்கள் மாநகராட்சிகளின் முன் இக்கோரிக்கையை வைக்க வேண்டும்.