தோண்டியவர் யார்? மூட வேண்டியவர் யார்?

கோயமுத்தூர் அவிநாசி ரஸ்தாவில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. செலவு 1,791 கோடி ரூபாய். ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். சூலூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த அந்த மேதை, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு மோட்டார் பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். ரஸ்தாவின் அருமையும் அதிலுள்ள குழியின் கொடுமையும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பாலத்தைக் குறை கூற நாம் வரவில்லை. நகரம் வளர்ந்த வேகத்துக்கு அது வேண்டியதே. ஆனால் பாலத்தை விட்டு இறங்கிய பின் ஜனங்கள் எதன்மேல் போகிறார்கள் என்று கேட்காமலிருக்க நம்மால் முடியவில்லை.

சோமனூர்வாசிகளுக்கு இந்தக் கேள்வி இரு பக்கமும் உண்டு. ஒரு பக்கம் கோயமுத்தூர், மறுபக்கம் திருப்பூர். இரண்டும் ஒன்றை நோக்கி மற்றொன்று படர்ந்து வருகின்றன. நடுவிலே கருமத்தம்பட்டியும் சோமனூரும் கிராமமாகவும் இல்லாமல் நகரமாகவும் ஆகாமல் தறிச் சத்தத்துடன் நிற்கின்றன. பாவும் ஊடை நூலும் வந்து சேர்வது முதல் நெய்த துணி திரும்பிப் போவது வரை விசைத்தறிக்காரனுடைய பிழைப்பு ரஸ்தாவின்மேல் நடக்கிறது. குழியில் இறங்கி வண்டி அச்சு முறிந்தால் அந்த நஷ்டத்தைத் துணி வியாபாரி ஏற்கமாட்டான், சர்க்காரும் ஏற்காது. அது கூலிக்கு நெய்கிறவன் தலையில் விடிகிறது. கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் வாரக் கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடிய ஜனங்கள் இவர்கள். போராடிப் பெற்ற காசைக் குழிக்குக் கொடுக்க வேண்டுமென்று இவர்களுக்கு என்ன தலைவிதி?

குழி எப்படி உண்டாகிறது? மழையின்மேல் பழி போடுவது அதிகாரிகளுக்குச் சுலபமான வழி. மழை வருஷந்தோறும் ஐப்பசி கார்த்திகையில் வரத்தான் செய்கிறது. அது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. கப்பி ரஸ்தாவுக்குத் தன் பெயரையே தந்து போன மக்கடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருநூறு வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்: பாரத்தைத் தாங்குவது மேலே போடும் கல்லல்ல, அடியிலுள்ள மண், அந்த மண்ணை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் போதும் என்று. கரிசல் மண் உள்ள இடங்களில் இது இன்னும் பன்மடங்கு உண்மை. அந்த மண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஆகையால் முதலில் வடிகால், பிறகு தார் என்பதே முறை. இங்கே நடப்பதோ தார் முதலில், வடிகால் எப்போதோ.

இதனினும் பெரிய கேடு தோண்டும் வேலை. கோயமுத்தூர் மாநகராட்சியின் எல்லை 2011-ல் விரிக்கப்பட்டது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி முதலிய ஊர்கள் அதில் சேர்ந்தன. 105 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு ஏறத்தாழ 250 ஆயிற்று. அவ்வூர்களுக்கெல்லாம் குழாயும் சாக்கடையும் கொடுக்க வேண்டியது நியாயம். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள். 24 மணி நேரமும் தண்ணீர் தருவதற்கென்று 2018-ல் சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடன் ஒப்பந்தமாயிற்று, அதற்காகவும் தோண்டினார்கள். கேபிள்காரர்கள் தோண்டினார்கள். எரிவாயுக் குழாய்க்காரர்களும் தோண்டினார்கள். தோண்டுகிறவனுக்குத் தன் குழாய் போய்ச் சேர்ந்தால் சரி. மண்ணைச் சிறு சிறு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்தி, ஜல்லி பரப்பி, அதன்மேல் தாரிட வேண்டும். அப்படிச் செய்யாமல் எடுத்த மண்ணை அப்படியே தள்ளி மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் முதல் மழையில் அது அமுங்குகிறது. அமுங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் கல்லையும் தாரையும் பிரிக்கிறது. பிறகு அந்தக் குழியை அடைக்க ஒரு டெண்டர்!

குழாய் போட்டவன் ஓர் இலாகா. தார் போடுகிறவன் வேறு இலாகா. ஒரு ரஸ்தா மாநகராட்சியைச் சேர்ந்தது, அடுத்தது மாகாண நெடுஞ்சாலை இலாகாவுடையது, அதற்கப்பால் போவது மத்திய சர்க்காருடையது. பிரஜை புகார் கொண்டு போனால், "இது எங்கள் எல்லையல்ல" என்ற பதில் மட்டும் எல்லா ஆபீஸிலும் தாராளமாகக் கிடைக்கிறது. குழியில் விழுகிறவன் எந்த இலாகாவின் எல்லையில் விழுகிறோம் என்று பார்த்தா விழுகிறான்?

பணமில்லை என்ற வாதத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. 1927-ல் அமைந்து எம். ஆர். ஜயகர் தலைமையில் வேலை செய்த கமிட்டியின் யோசனைப்படியே பெட்ரோலின்மேல் காலனுக்கு இரண்டணா தனி வரி விதித்து 1929-ல் ரஸ்தா நிதி ஏற்படுத்தினார்கள். அன்று முதல் இன்று வரை பெயர் மாறி மாறி அந்த வரி வசூலாகித்தான் வருகிறது. இரண்டு சக்கர வண்டியில் துணிக்கட்டு ஏற்றிச் செல்கிற ஏழையும் பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் ரஸ்தாவுக்கென்று தனியே கொடுக்கிறான். ஆகவே நல்ல ரஸ்தா அவனுக்கு யாரும் இடும் பிச்சையல்ல. விலை கொடுத்தும் கைக்கு வராத சரக்கு.

அலட்சியத்தின் விலை சோமனூருக்குத் தெரியும். 2017-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இவ்வூர் பஸ் நிலையத்தின் கூரை இடிந்து விழுந்தது. பஸ்ஸுக்காக நின்றவர்கள் அதன் கீழ் சிக்கினார்கள். ஐந்து பேர் மாண்டனர். அது கட்டடம், இது ரஸ்தா என்று பிரித்துப் பேச வேண்டாம். கட்டியதோடு கடமை முடிந்தது என்ற எண்ணமே இரண்டுக்கும் மூலவியாதி. இன்னொன்றையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர ஸ்தாபனங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷங்களுக்கு மேல் தமிழ்நாட்டின் நகரங்களில் ஜனப் பிரதிநிதிகள் இல்லை. தனி அதிகாரிகளின் ராஜ்யம். கூரை விழுந்த அன்று சோமனூர் ஜனங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்ஸிலர்கூட இருக்கவில்லை. ஸ்தல சுயாட்சிக்காக அரை நூற்றாண்டு வாதாடிய தேசத்தில் அன்னியன் போன பிறகு இந்த நிலைமை ஏற்பட்டதை என்னவென்பது?

2013 முதல் 2017 வரை ரஸ்தாக் குழிகளால் இந்தியாவில் இறந்தவர்கள் 14,926 பேர் என்ற கணக்கைக் கண்டு 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் திடுக்கிட்டது. எல்லையில் மடிந்தவர்களைவிட இது அதிகமாயிருக்கும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, ரஸ்தாவை விதிப்படி அமைக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் லட்ச ரூபாய் வரை அபராதம் என்று ஏற்பட்டது. ஓர் உயிருக்கு லட்ச ரூபாய். கோடிக் கணக்கில் பில் எழுதுகிறவனுக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு. பம்பாய் ஹைக்கோர்ட் 2025 அக்டோபரில் ஒரு படி மேலே போயிற்று. குழியால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் கொடுக்க வேண்டுமென்றும், அத்தொகையைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது. இதுவே சரியான வழி. மாநகராட்சியின் பொக்கிஷத்திலிருந்து கொடுத்தால் இறந்தவனுடைய வரிப்பணமே அவனுக்கு நஷ்டஈடாகத் திரும்பும்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. எந்த இலாகாவானாலும் எந்தக் கம்பெனியானாலும் ரஸ்தாவை வெட்டும் முன், பழையபடி ஆக்குவதற்கான முழுத் தொகையையும் டிபாசிட் கட்ட வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்து ரஸ்தா அமுங்கவில்லை என்று எஞ்சினீயர் கையெழுத்திட்ட பிறகே அது திரும்ப வேண்டும். கையெழுத்திட்டவர் பெயர், காண்ட்ராக்டர் பெயர், வேலை முடிந்த தேதி, எத்தனை வருஷம் பழுது பார்க்கக் கடமைப்பட்டவர் என்ற விவரம் ஆகியவை ரஸ்தாவின் தலைப்பில் பலகையாக நிற்க வேண்டும், தமிழில், நடந்து போகிறவன் படிக்கும் எழுத்தில். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகளைப் பள்ளத்தில் தள்ளக் கூடாதென்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு அனுப்பிய உத்தரவையும் காகிதத்தோடு விட்டுவிடக் கூடாது.

பலகை வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. வார்டுக்கு இரண்டு தொண்டர்கள் சேர்ந்து தங்கள் தெருவின் ஒப்பந்த நகலையும் பழுது பார்க்கும் காலக்கெடுவையும் எழுதிக் கேட்டு வாங்கட்டும். கெடுவுக்குள் குழி விழுந்திருந்தால் அந்த நகலைப் பகுதி சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, காண்ட்ராக்டரைச் சொந்தச் செலவில் அடைக்கச் சொல்லும்படி கவுன்ஸிலரைக் கேட்கட்டும். 2021-ல் நகராட்சியாக உயர்ந்த கருமத்தம்பட்டியில், சோமனூர்த் தெருக்களிலேயே இதைத் தொடங்கலாம். கோயமுத்தூரும் திருப்பூரும் பின்னால் வரட்டும்.