பங்காளி ஆகறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்

1932-ம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டத்தை நம்ம எல்லாரும் பி.காம்.ல படிச்சு, மார்க் வாங்கி, மறந்தும் போயாச்சு. நானும் என் க்ளாஸ்மேட் ஒருத்தனும் சேர்ந்து துணிப்பை தைச்சு விக்கலாம்னு இறங்கினப்போதான் அந்தப் புத்தகத்தை மறுபடி தேடி எடுத்தேன். பத்திரம் எழுத வக்கீல் பார்க்கணும்னு வீட்ல சொன்னதும் அம்மா கேட்டது ஒண்ணுதான்: "ஏங்கண்ணு, சிநேகிதன நம்பாம வக்கீல்கிட்டப் போறயா?"

நம்மூர்ல அப்படித்தானுங்க. திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல பலதும் சொந்தபந்தம் கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சது. ஷரத் சாரின்னு ஒருத்தர் 2004-ல அதைப் பத்தி ஆராய்ச்சிப் புத்தகமே போட்டிருக்கார். நம்பிக்கைதான் முதல், சரி. ஆனா 'பங்காளி'ங்கற வார்த்தையைப் பாருங்க. கூடத் தொழில் பண்றவனுக்கும் அதே பேரு, சொத்துச் சண்டை போடறவனுக்கும் அதே பேரு :-)

எங்க அப்பாவும் மாமாவும் கணபதியில லேத் பட்டறை வெச்சிருந்தாங்க. லாபம் அப்பாவுக்கு 60, மாமாவுக்கு 40ன்னு வாய்ப்பேச்சு. பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட் திறக்க வேற யாரோ கடைப் பத்திரத்தைப் பேர் மாத்தி டைப் அடிச்சதோட சரி, பங்கு எவ்வளவுன்னே அதுல இல்ல. பிரியறப்போ மாமா சட்டத்தைக் காட்டினார்: வேற ஒப்பந்தம் இல்லைன்னா ரெண்டு பேருக்கும் சம பங்கு (பிரிவு 13). வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனா யார் சாட்சி? ஃபர்மைப் பதிவும் பண்ணலை. அதனால பாக்கி வெச்ச கஸ்டமர் மேல கேஸ் போடவும் வழியில்லாம போச்சு (பிரிவு 69). இன்னிக்கு வரைக்கும் மாமா வீட்டோட போக்குவரத்து கிடையாது.

சரி, வக்கீலை எங்க தேடறது? அவங்க விளம்பரம் பண்ணக்கூடாதுங்கறது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வழியா வக்கீல்கள் கட்சிக்காரங்களைப் பிடிக்கறதை 2024 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றம் கடுமையா கண்டிச்சுது. ஆக, நெட்ல ஸ்டார் எண்ணிப் பார்த்து தேர்ந்தெடுக்கற கதை வேண்டாம். ஆடிட்டரைக் கேட்டா "ஃபார்மட் நானே தர்றேன் தம்பி"ங்கறார். வருமான வரிக்கு அது போதும், சண்டைக்குப் போதாது. என்னைக் கேட்டா, கூட்டு உடைஞ்ச கேஸை கோர்ட்ல நடத்தின வக்கீல்தான் கூட்டுப் பத்திரம் எழுதணும். எங்க உடையும்னு அவருக்குத்தான் தெரியும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு சொந்தக்காரரா இருந்தா அவரும் வேண்டாம்.

கேஸ் நடத்தி முடிச்ச ஒரு பட்டறைக்காரர்தான் கடைசியில எங்களுக்கு ஆள் சொன்னார். அந்த வக்கீல் லாபத்தைப் பத்திப் பேசவே இல்ல. "பிரிஞ்சா கடைப் பேர் யாருக்கு? ஒருத்தர் செத்துட்டா? பத்திரத்துல வேற மாதிரி எழுதலைன்னா ஃபர்ம் அதோட கலைஞ்சிடும். ஒருத்தர் தொழிலுக்குக் கடன் வாங்கினா இன்னொருத்தர் வீடும் பதில் சொல்லணும், தெரியுமா?" (பொறுப்பு அவ்வளவு வேண்டாம்னா 2008 சட்டப்படி எல்எல்பி இருக்கு. அது தனிக்கதை.)

திரும்பி வர்றப்போ பேக்கரியில டீ குடிச்சோம். அவன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "பேரு நீ வெச்சுக்கோ, மெஷின் எனக்கு."

இப்போ ரெண்டாவது டிராஃப்ட் ஓடுது. முடிஞ்சதும் மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். அம்மா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காங்க.