தரவரிசை வேறு, தகுதி வேறு

எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. அங்கே பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆறு. மேற்படிப்புக்காக அந்நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டு மாணவர் பெரும்பாலும் தார்த்து பல்கலைக்கழகத்தையும் தலைநகர் டாலினில் உள்ள டால்டெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். உலகத் தரவரிசையில் தார்த்து முந்தி நிற்பதால் பலரும் அத்துடன் முடிவெடுத்துவிடுகிறார்கள். இது தவறான அளவுகோல்.

1632இல் தொடங்கப்பட்ட தார்த்துவின் இன்றைய பெருமைகளில் ஒன்று மரபணு ஆய்வு. 2 லட்சத்துக்கும் அதிகமானோரின் மரபணு மாதிரிகளைக் கொண்ட எஸ்டோனிய உயிர்வங்கி அங்குதான் இருக்கிறது. அத்தகைய ஆய்வுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும்போது பல்கலைக்கழகத்தின் மொத்த மதிப்பும் உயர்கிறது. ஆனால், அங்கே நிர்வாகவியல் படிக்கப்போகிறவருக்கு அதனால் என்ன பயன்? 2005இலேயே இணையவழி வாக்களிப்பைத் தொடங்கிய நாட்டில் மின்னாளுமையை முதுநிலைப் பாடமாகப் படிக்க விரும்புகிறவருக்கு டால்டெக்கே பொருத்தமான இடம். சைபர் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பை இரு பல்கலைக்கழகங்களும் கூட்டாகவே நடத்திவந்திருக்கின்றன. படிப்பு ஒன்றுதான், பட்டியலிலோ ஒன்று மேலே, மற்றொன்று வெகு கீழே!

சிறிய நாட்டில் ஒரு துறைக்கு ஆய்வு வழிகாட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பார்கள். அவர்களின் கட்டுரைகளும் ஆய்வுத் திட்டங்களும் எஸ்டோனிய அரசின் ஆய்வுத் தகவல் தளத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளன. மாணவர்கள் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான். அடுத்து, பணமும் மொழியும். 2013 முதல் எஸ்டோனிய மொழியில் முழுநேரம் படிப்பவர்களுக்குக் கட்டணமில்லை. ஆங்கிலவழிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. படிப்பு முடிந்து வேலை தேட ஒன்பது மாதங்கள் தங்கலாம். மென்பொருள் நிறுவனங்களில் ஆங்கிலம் போதும். பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்றால் உள்ளூர் மொழி தெரியாமல் நுழைய முடியாது. தரவரிசை இவற்றில் எதையும் சொல்வதில்லை.

உதவித்தொகைக்குத் தரவரிசைதானே வழி என்று கேட்கலாம். உண்மைதான், சிக்கலே அங்குதான். பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் உள்ளிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கான இந்திய மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, கியூ.எஸ். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் நிறுவனங்களையே ஏற்கிறது. தார்த்து உள்ளே, டால்டெக் வெளியே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தன் துறைக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் பட்டியல் காட்டிய இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

தரமற்ற கல்லூரிகளுக்குப் பொதுப்பணம் போய்ச்சேரக் கூடாது என்ற அரசின் கவலை நியாயமானது. அதற்குத் துறைவாரித் தரவரிசையையும், அந்தந்த நாட்டின் தர அங்கீகாரத்தையும், பாடத்திட்டத்தையும் நிபுணர் குழு பரிசீலிக்கலாம். எஸ்டோனியப் பல்கலைக்கழகங்களும் தம் பங்குக்கு, ஒவ்வொரு படிப்பிலும் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் துறைசார்ந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதை விண்ணப்பப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகை அறிவிப்பு வெளியாகும் முன்பே மத்திய அரசு இந்த 500 என்ற கோட்டைத் தளர்த்த வேண்டும்.