க்ளீன் பண்ணினா பல் ஆடுமா?

"பல்லை மட்டும் க்ளீன் பண்ணிடாதீங்க... நல்லா இருக்கிற பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சுடும்!"

இந்த எச்சரிக்கையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மறைமலைநகர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து டீக்கடையில் நிற்கிறவர்களும் சொல்வார்கள், வீட்டில் பெரியவர்களும் சொல்வார்கள். இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அனுபவத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால், பார்த்தது சரி, புரிந்துகொண்டது தப்பு. அந்தத் தப்பால் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் போய்விடுகின்றன.

முதலில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் தினமும் கிருமிகள் மாவு போல ஒட்டிக்கொள்கின்றன. ஒழுங்காகப் பிரஷ் போட்டால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியுமே, அந்த மாதிரி. இதைத்தான் 'காரை' என்கிறோம். காரை பிடித்தபின் விலை உயர்ந்த பேஸ்ட்டும் அதை அசைக்காது, வேப்பங்குச்சியும் அசைக்காது.

காரை மேல் இன்னும் கிருமி சேரும். ஈறு சிவந்து வீங்கும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கவனிக்காவிட்டால் பலருக்கு ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, நடுவே ஒரு பை உண்டாகிறது. அந்தப் பைக்குள்ளும் காரை இறங்கும். பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் வலியே இருக்காது! பல் ஆடும்போதுதான் டாக்டர் ஞாபகம் வரும்.

பல் டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கருவியை ஈறு ஓரத்தில் விட்டு ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 4, 5, 6 என்று போனால், மேலே தெரிகிற காரையை மட்டும் எடுத்தால் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, பைக்குள் இறங்கி, வேரின் மேல் ஒட்டியிருக்கிற காரையையும் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கு 'ஸ்கேலிங், ரூட் பிளேனிங்' என்று பெயர். வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். இது பல்லை வெள்ளையாக்குகிற அழகு வேலை இல்லை, சிகிச்சை!

சரி, பிறகு ஏன் பல் ஆடுகிறது? எலும்பு கரைந்து ஏற்கெனவே பிடிப்பு தளர்ந்த பற்களை, இத்தனை நாளும் காரைதான் சிமென்ட் பூசின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும், மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல்லுக்கு நடுவே சந்து தெரிகிறது. மூடியிருந்த வேர் வெளிப்படுவதால் ஐஸ் வாட்டர் பட்டால் சுரீரென்கிறது. இந்தக் கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஈறு ஆறி இறுகும்போது ஆட்டமும் பலருக்குக் குறையும். இதெல்லாம் தெரியாத ஆள் முதல் தடவையிலேயே மிரண்டு ஓடிவிடுகிறார். மீதிப் பாதி வாய் அப்படியே கிடக்கிறது.

'சிகிச்சையே வேண்டாம், விட்டுவிடுகிறேன்' என்றால் என்ன ஆகும்? அதற்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு கிடைத்தது நம் தமிழர்களின் வாயிலிருந்துதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970-லிருந்து பதினைந்து வருஷம் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு நிபுணரின் குழு கவனித்தது. அவர்களுக்குப் பல் வைத்தியமும் கிடையாது, பிரஷ் பழக்கமும் கிடையாது. 1986-ல் வெளியான முடிவு இது: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81 பேருக்கு மெதுவாக முற்றி, அந்த வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. 11 பேர் மட்டும் தப்பித்தார்கள். 'எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, எண்பது வயசிலும் கரும்பு கடிச்சார்' என்கிறீர்களா? உங்கள் தாத்தா அந்தப் பதினொரு பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னொரு சேதி. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டமாகும். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் அளவு சுமார் 0.4 குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! ஷிப்ட் தூக்கத்தை விரட்டப் புகையும் புகையிலையும் போடுகிறவர்களே, அவை ஈறைக் கெடுப்பதோடு, செய்த சிகிச்சை பலிக்கவும் விடாது.

பல் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவியைக் கையில் எடுக்குமுன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, 'கூச்சம் வரும், சந்து தெரியும், ஆட்டம் தெரியும்' என்று சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சமாளிப்பு! தொழிற்சாலை நிர்வாகங்கள் வருஷாந்திர மெடிக்கல் செக்கப்பில் பி.பி.யையும் கண்ணையும் பார்ப்பது போல ஈறையும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

'காசுக்கு எங்கே போவது?' என்று மறைமலைநகர்க்காரர்கள் கேட்க வேண்டியதில்லை. மின்சார ரயிலில் வடக்கே இரண்டாவது ஸ்டேஷனான பொத்தேரியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் பொதுவாகத் தனியார் கிளினிக்கை விடக் கட்டணம் குறைவு. தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆழமாகச் சுத்தம் செய்து முடித்ததும் வேலை முடிந்துவிடாது. சில வாரங்கள் கழித்துப் போய், பையின் ஆழம் குறைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். குறையாத இடத்தில் சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். பிறகு டாக்டர் சொல்கிறபடி மூன்று, நாலு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். வீட்டில் இரண்டு வேளை மிருதுவான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தைத் தேய்க்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இடம்தான் உங்களைக் கூப்பிடுகிறது!